வக்கீல் குடித்த சர்பத்

டயாலிசிஸ் வார்டில் தண்ணீர் என்கிற பேச்சையே எடுக்கக்கூடாது. அது ஆஸ்பத்திரி போட்ட சட்டமில்லை. படுத்திருக்கிறவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டது.

சிறுநீரகம் கெட்டவனுக்கு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று அளந்து விடுவார்கள். அதற்கு மேல் ஒரு மடக்கு உள்ளே போனால் அது வெளியேற வழியில்லை, நெஞ்சில் போய்த் தேங்கும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, உருளைக்கிழங்கு கூடாது. வாரத்தில் மூன்று நாள் வந்து கையில் ஊசி குத்தி, ரத்தத்தையெல்லாம் மெஷினில் விட்டு அலசி, திரும்ப உள்ளே ஏற்றுவார்கள். அரை நாள் அசையக்கூடாது. நாயைக் கட்டிப்போட்டால்கூடச் சங்கிலி நீளத்துக்கு நடக்கும். இங்கே அதுவும் கிடையாது.

நல்லியண்ணன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். வடக்கே போய், பேர் தெரியாத ஊர்களில் எல்லாம் பூமியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர். இப்போது அவருக்கே தண்ணீர் அளவு. இதை யாராவது எடுத்துச் சொல்லிச் சிரிக்க வந்தால் கெட்ட வார்த்தைதான் வரும். யாரையும் நம்புகிற ஆள் இல்லை அவர். வார்டு வாசலில் இருக்கும் எடை மெஷினையே நம்பாமல் இரண்டு தடவை ஏறி இறங்குவார்.

படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் கதை என்றால் விடமாட்டார். ரிக் வண்டிக் காலத்தில் ஆரம்பித்த பழக்கம். ஒரு கையில் ஊசி, மறுகையில் பேத்தி கொடுத்த டேப்லெட். சத்தம் போட்டுத்தான் படிக்க வரும் அவருக்கு. மனசுக்குள் படித்தால் வரி தப்பிவிடும். முதலில் பக்கத்துப் படுக்கை பாவாயி மட்டும் கேட்டாள். விசைத்தறி ஓட்டிக் காது பாதி போனவள். "ஏனுங்கண்ணா, இன்னுங் கொஞ்சம் சத்தமாப் படிச்சா என்னுங்க?" என்றாள். சத்தம் கூடியதும் வார்டே கேட்டது.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது 'கரும்புக்காட்டு வழக்கு'. வக்கீல் துரைக்கண்ணு ஒரு கொலையைத் துப்புத் துலக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறான். எழுதினவன் யாரோ, வக்கீலுக்கு வாய் ஓயாமல் தீனி போட்டிருந்தான். மூன்றாம் அத்தியாயத்தில் வக்கீல் சாலையோரம் நின்று இரண்டு இளநீரை வெட்டச் சொல்லி, அண்ணாந்து, கழுத்து வழியாக வழியவழியக் குடித்தான். நல்லியண்ணன் அதை அப்படியே படித்தார். கடைசிப் படுக்கைக் கந்தப்பன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போனவர் கிணற்றடியில் உட்கார்ந்து வயிறு முட்டக் குடித்திருக்கிறார். அடுத்த முறை அந்தப் படுக்கையில் வேறு ஆள் படுத்திருந்தார்.

அதன் பிறகுதான் பாவாயி சொன்னாள். "படிக்கறதப் படிங்கண்ணா. அந்த வக்கீலு வாயில மட்டும் ஒரு சொட்டு ஊத்தாதீங்கோ."

அன்றிலிருந்து வக்கீலும் டயாலிசிஸ் நோயாளி ஆகிவிட்டான். புத்தகத்தில் வாழைப்பழம் என்று இருந்தால் நல்லியண்ணன் வாயில் ஆப்பிள் என்று வரும். உருளைக்கிழங்கு போண்டா இட்லியாகிவிடும். இளநீர் அரை டம்ளர் டீ ஆகும். மழை பெய்கிற இடத்தில் பனி கொட்டும். வக்கீல் ஏரிக்கரையில் காரை நிறுத்தினால் இவர் செங்கல் சூளை ஓரமாக நிறுத்துவார். யாருக்கும் உறுத்தவில்லை. கொலைகாரன் யார் என்பதுதானே கதை. வக்கீல் எதைத் தின்றால் என்ன?

அங்கேதான் மாட்டினார்கள்.

அந்த ஆள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மெஷின் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, முப்பத்தைந்து வயதிருக்கும். பிலோமினா சிஸ்டர் கூட்டி வந்து, "தாத்தா, உங்களப் பாக்க மெட்ராஸ்லருந்து வந்திருக்காங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

"வணக்கம் ஐயா. என் பேர் சுதர்சன். பதிப்பாளர் கூட்டமைப்புலேருந்து வர்றேன்."

"நான் ஒண்ணும் பதிப்பிக்கலீங்களே."

"தெரியுங்க ஐயா. ஒரு சின்ன விசாரணை. முடிச்சுட்டுப் போயிடுவேன்."

"விசாரணைன்னா எந்திரிச்சு நின்னு பதில் சொல்லோணும். நம்மளால முடியாதுங்க. பாத்தீங்கல்ல, கட்டிப் போட்டிருக்கறாங்க."

சுதர்சன் சிரித்தான். பையிலிருந்து போனை எடுத்து ஒரு பதிவை ஓட்டினான். நல்லியண்ணன் குரல். 'வக்கீல் துரைக்கண்ணு செங்கல் சூளை ஓரமாகக் காரை நிறுத்தினான். பனி கொட்டிக்கொண்டிருந்தது.' பின்னால் டயாலிசிஸ் மெஷின் கீக் கீக் என்று கத்துவதும் கேட்டது.

நல்லியண்ணன் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் பக்கத்துப் படுக்கைக்கு ஓட்டினார். பாவாயி முகத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள். அது போதும். பதிவு செய்தது அவள்தான். அவள் புருஷனுக்குச் சர்க்கரையில் கண் போய்விட்டது. அவனுக்குப் போட்டுக் காட்ட எடுத்திருப்பாள். அவன் தம்பிக்கு அனுப்பியிருப்பான். தம்பி குரூப்பில் போட்டிருப்பான். போனில் ஏறினதை யார் பிடித்து நிறுத்த முடியும்?

"இது இப்ப லட்சம் போன்ல இருக்குங்க ஐயா" என்றான் சுதர்சன். "புத்தகம் வந்த மாசமே."

"அதுக்கு?"

"புத்தகத்தைத் திருடினவங்க வீட்டோட வாசிப்புச் சாவியை மூடிடுவோம். விதி தெரியுமில்லையா?"

தெரியாமல் என்ன? ஒரு வீட்டுக்கு ஒரு சாவி. அந்தச் சாவியில்தான் கதைப் புத்தகம், பேப்பர், பிள்ளைகளின் பாடப் புத்தகம் எல்லாம் திறக்கும். அச்சடிக்கிற தாள் புத்தகம் நின்றுபோய் வருஷமாகிவிட்டது. சாவி மூடினால் அந்த வீட்டில் எழுத்தே கிடையாது. நல்லியண்ணன் வீட்டுச் சாவியில்தான் பேத்தி அபிநயா நர்சிங் படிக்கிறாள். அடுத்த வாரம் பரீட்சை. அம்மா அப்பா இல்லாத பெண். அவள் படித்து முடித்து வேலைக்குப் போகிறவரைக்கும் சாகக்கூடாது என்றுதான் அவர் இந்த மெஷினுக்குக் கையை நீட்டுகிறார்.

"சத்தமாப் படிச்சா திருட்டாங்க தம்பி?" என்றார்.

"நாலு பேர் கேக்கப் படிச்சா பரப்பறதுதான். பத்திரத்துல இருக்கு. நீங்க சரின்னு தட்டித்தான் புத்தகத்தைத் திறந்திருக்கீங்க."

"ஆரு அதையெல்லாம் படிச்சாங்க?"

"யாரும் படிக்கறதில்ல" என்று சுதர்சன் ஒப்புக்கொண்டான். "ஆனா பயப்படாதீங்க. நீங்க இல்லைன்னு எங்களுக்கே தெரியும். அதை உறுதி பண்ணத்தான் வந்தேன்."

நல்லியண்ணனுக்குப் பயம் போய்ச் சந்தேகம் வந்தது. "நானில்லைன்னு எப்படித் தெரியும்? குரலு என்ற குரலுதானே?"

"குரலை இப்ப யாருங்க ஐயா சாட்சியா எடுக்கறாங்க? உங்க குரல்ல நானே பேச வெச்சுடுவேன், மெஷின்ல. செத்துப்போனவங்க குரல்லகூடப் படிக்க வெக்கறாங்க. அதனால வாய் யாரோடதுன்னு நாங்க பாக்கறதே இல்ல. காப்பி யாரோடதுன்னு மட்டும்தான் பாப்போம்."

"காப்பின்னா எல்லாம் ஒண்ணுதானுங்களே?"

"இல்லீங்க." சுதர்சன் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டான். இதைச் சொல்வதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. "எங்கப்பா பதிப்பகம் வெச்சிருந்தாருங்க ஐயா. காலைல புத்தகம் வந்தா சாயங்காலம் அது குரூப்ல ஓசியா ஓடும். ஒருத்தன் வாங்குவான், ஊரே படிக்கும். படிச்சுட்டு அவருக்கே போன் பண்ணி நல்லா இருந்துச்சுன்னு வேற சொல்வாங்க. பூட்டுப் போட்டுப் பாத்தோம், உடைச்சாங்க. கடைசில அப்பா குடோனைக் காலி பண்ணிட்டு வீட்ல உக்காந்துட்டாரு. அதுக்கப்புறம் ரொம்ப நாள் இல்ல."

ஓசிக் கதைகள் நல்லியண்ணனும் நிறையப் படித்தவர்தான். அதற்குப் பின்னால் ஒரு ஆள் குடோனில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்ததில்லை.

"அப்புறம்தான் இந்த ஏற்பாடு. கதை எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா ஒவ்வொரு அத்தியாயத்துலயும் அஞ்சு எடத்துல சின்னச் சின்ன விஷயத்தை மாத்தி, ஆளுக்கொரு மாதிரி அனுப்புவோம். பதினோராம் அத்தியாயம் எடுங்களேன். உங்க காப்பில என்ன இருக்கு? ஏரிக்கரை, மழை, இளநீர், வாழைப்பழம், உருளைக்கிழங்கு போண்டா." தன் போனைத் திறந்து காட்டினான். "இது என் சொந்தக் காப்பி. ரயில்வே கேட், வெயில், நன்னாரி சர்பத், கொய்யாப்பழம், மசால் வடை. படிக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா இந்த அஞ்சும் சேந்து இருக்கற காப்பி நாட்டுல ஒண்ணே ஒண்ணுதான். வெளியில எங்க ஓடினாலும் எங்ககிட்ட ஒரு மென்பொருள் இருக்கு, காதுன்னு சொல்லுவோம், அது கேட்டு அஞ்சையும் கோத்து யாரு காப்பின்னு சொல்லிடும். சொன்ன நிமிஷமே அந்த வீட்டுச் சாவி தானா மூடிக்கும். மனுஷங்க கை படவே படாது."

"இந்தப் பதிவை ஆரோடதுன்னு சொல்லுச்சு?"

"செங்கல் சூளை, பனி, டீ, ஆப்பிள், இட்லி. மானாமதுரைல ஒரு அம்மா. செல்வராணின்னு பேரு. தையல் கடை வெச்சிருக்காங்க. மூடி மூணு வாரமாச்சு."

ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. நல்லியண்ணன் அதையே பார்த்தார்.

"அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"எல்லாரும் சொல்றதுதான். நான் யாருக்கும் கொடுக்கலன்னு. ஆனா விடாம மனு போட்டாங்க. பதிவுல இருக்கற பேச்சு கொங்குப் பக்கத்துப் பேச்சு, பின்னாடி ஆஸ்பத்திரி மெஷின் சத்தம், நான் மானாமதுரையைத் தாண்டினதில்லன்னு. மனு வந்தா நேர்ல ஒரு ஆள் போய்ப் பாக்கணும். இந்தப் பக்கம் டயாலிசிஸ்ல இருந்துக்கிட்டு இந்தப் புத்தகம் வெச்சிருக்கறவர் நீங்க ஒருத்தர்தான். அதான் வந்தேன். உங்க காப்பி வேற. முடிஞ்சுது. உங்க காப்பிலேருந்து ஒரு பக்கம் படிங்க, காது கேட்டு, உங்க காப்பிதான்னு பச்சை விளக்கு காட்டும். அப்புறம் இந்த எடத்துல விரலை வெச்சீங்கன்னா மனு தள்ளுபடி ஆயிடும்."

"தள்ளுபடியானா?"

"அவங்க சாவி நிரந்தரமா மூடிடும். பையன் பத்தாவது போல." சுதர்சன் குரலைத் தாழ்த்தினான். "கஷ்டம்தான். ஆனா எனக்கும் மூணாவது படிக்கற பொண்ணு இருக்கா ஐயா. இவங்க திருடினா என் வீட்ல அடுப்பு எரியாது."

போர்வைக்குள்ளிருந்து பாவாயி தலையை நீட்டினாள். முகம் வெளுத்திருந்தது. "ஏனுங் தம்பி, அது வந்துங்க, நாந்தான்..."

"நீ சும்மா கெட புள்ள!" என்று அதட்டினார் நல்லியண்ணன். "செவிடி. என்ன பேசறோம்னே தெரியாம நடுவுல பூந்துக்குவா."

"எனக்குக் கேட்டுச்சுங்கண்ணா."

"கேட்டா வாயை மூடிட்டுக் கேளு."

அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள். நல்லியண்ணனுக்கு எழுந்து வெளியே போய் ஒரு பீடி பற்ற வைத்தால் யோசனை ஓடும். எழ முடியாது. மெஷினில் இன்னும் அரை மணி நேரம் பாக்கி. இந்த ஆள் ஸ்டூலை விட்டு நகரப்போவதும் இல்லை.

பிறகு சொல்லிவிட்டார். சுற்றி வளைத்துப் பேச அவருக்கு வராது.

"தம்பி, அந்த ஆப்பிளு என்னுது."

"என்னங்க?"

"இங்க படுத்திருக்கற சனத்துக்கு வாழைப்பழம் ஆகாது. தண்ணி ஆகாது. கேட்டாலே நாக்கு ஊறும். அப்படிக் கேட்டுப்போட்டுத் தண்ணி குடிச்சே ஒருத்தரு போய்ச் சேந்துட்டாரு. அதனால படிக்கறப்ப நான் மாத்திப் படிப்பேன். மழைய எடுத்துட்டுப் பனி வெச்சது நான். சூளைகிட்டக் காரை நிறுத்துனது நான். அந்தம்மா காப்பிய நான் கண்ணுலகூடப் பாத்ததில்ல. நம்ம வாய்ல வந்தது அவங்க தலைல போய் விழுந்துருச்சு."

சுதர்சன் வார்டைச் சுற்றிப் பார்த்தான். படுத்திருந்தவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"அப்படி விழறதுக்கு வாய்ப்பு கம்மிங்க ஐயா" என்றான். அப்புறம் அவனே யோசித்துவிட்டு, "இல்ல. கம்மி இல்ல. ஒவ்வொரு எடத்துக்கும் பத்துதான் வெச்சிருக்கோம். பழம்னா பத்துப் பழம். அதையே மாத்தி மாத்திக் கோத்து லட்சம் பேருக்கு அனுப்பறோம். எப்படிக் கோத்தாலும் அது யாரோ ஒருத்தர் காப்பியாத்தான் இருக்கும்" என்றான். கடைசி வார்த்தைகளை மெதுவாகச் சொன்னான்.

"அப்பறம் என்ன? அந்தம்மாளுது தெறந்து விடுங்க."

"முடியாதுங்க."

"ஏனுங்?"

"நீங்க சொன்னதை நான் எழுதினா, நாலு பேர் கேக்கப் படிச்சதா உங்க சாவி மூடும். அது ஒரு வழக்கு. அவங்களோடது காது சொன்ன வழக்கு. அதைத் திருப்பறதுக்கு வழியே வெக்கல. காது ஒரு தடவை தப்பாச் சொல்லிருக்குன்னு நாங்க ஒத்துக்கிட்டா, இதுவரைக்கும் மூடின அத்தனை வீடும் வாசல்ல வந்து நிக்கும்." போனில் விரல் வைக்கிற கட்டத்தை எடுத்து நீட்டினான். "நீங்க சொன்னதை நான் கேக்கலன்னு வெச்சுக்கறேன். பேத்தி நர்சிங் படிக்கறாங்கன்னு உங்க சாவிக் கணக்குல பாத்தேன். உண்மையச் சொன்னா ரெண்டு வீடு மூடும். சொல்லலன்னா ஒண்ணு. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு பக்கம் படிச்சுட்டு விரலை வெச்சுடுங்க ஐயா."

உண்மையைச் சொன்னாலும் அந்த அம்மாளுக்குக் கதவு திறக்காது. பொய்யைச் சொன்னால் இவர் விரலே அதற்குப் பூட்டு. ரிக் வண்டியில் ஒரு தடவை குழாய் பாறையில் சிக்கி, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றது நல்லியண்ணனுக்கு ஞாபகம் வந்தது. அப்போது மேஸ்திரி குழாயை அறுத்து உள்ளேயே விட்டுவிட்டு வரச் சொன்னார். இங்கே எதை அறுப்பது?

அபிநயாவை நினைத்தார். பார்த்தே இராத மானாமதுரைப் பையனை நினைத்தார். இரண்டு பேரும் பூட்டின கதவுக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் சாவி வைத்திருக்கிற ஆள் யாருமே இல்லை. இந்தப் பையனிடமும் இல்லை. அதுதான் அவருக்கு ஆங்காரமாக வந்தது. திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லாமல் செய்துவிட்டார்களே.

"செரி" என்றார். "காதைத் தெறங்க. படிக்கறேன்."

சுதர்சன் நிம்மதியாக மூச்சு விட்டான். போனைப் படுக்கை ஓரத்தில் வைத்தான். திரையில் ஒரு வெள்ளை வட்டம் சுற்ற ஆரம்பித்தது. "பதினோராம் அத்தியாயம், முதல் பக்கம்."

நல்லியண்ணன் டேப்லெட்டை எடுத்தார். படிக்கிறதற்கு முன்னால் வார்டைப் பார்த்துச் சொன்னார்.

"ஏனுங்க, எல்லாரும் காதைப் பொத்திக்கோங்க. இன்னைக்கு வக்கீலு குடிக்கப் போறான்."

ஒவ்வொருவருக்கும் ஒரு கையில் ஊசி. அசைக்கக்கூடாது. மிச்சமிருந்த ஒற்றைக் கையால் ஒற்றைக் காதைப் பொத்திக்கொண்டார்கள். பாவாயி நல்ல காதைப் பொத்தினாள்.

நல்லியண்ணன் படித்தார்.

"வக்கீல் துரைக்கண்ணு ரயில்வே கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினான். வெயில் மண்டையைப் பிளந்தது. கேட் திறக்கிற வழியாக இல்லை. இறங்கிப் போய் ஓரத்துக் கடையில் நன்னாரி சர்பத் ஒன்று போடச் சொன்னான்."

சுதர்சன் நிமிர்ந்தான். "ஐயா, இருங்க."

நல்லியண்ணன் இருக்கவில்லை. ரிக் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திப் பழகின தொண்டை அது. அவர் டேப்லெட்டில் ஏரிக்கரையும் மழையும் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே அவர் இல்லாததைப் படித்தார்.

"கடைக்காரன் ஐஸை உடைத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டான். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தான். மேலே வரைக்கும் ஊற்றி ஆற்றினான். டம்ளருக்கு வெளியே நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. வக்கீல் வாயை எடுக்காமல் குடித்தான்."

கடைசிப் படுக்கையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. யாரோ எச்சிலை விழுங்கினார்கள். யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். நல்லியண்ணனுக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கந்தப்பன் ஞாபகம் வந்தது. நிறுத்தலாமா என்று தோன்றியது. நிறுத்தவில்லை. "கொய்யாப்பழம் ஒன்றைக் கடித்துக்கொண்டு, மசால் வடையைத் தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு, வக்கீல் மறுபடி காரில் ஏறினான்."

சுதர்சன் போனை எடுக்கப் பாய்ந்தான். வட்டம் நின்றுவிட்டது. பச்சை இல்லை, சிவப்பு. அதற்குக் கீழே எழுத்து வந்தது: சுதர்சன், மடிப்பாக்கம். வாசிப்புச் சாவி மூடப்பட்டது.

மெஷின்கள் மட்டும் கீக் கீக் என்று கத்திக்கொண்டிருந்தன.

"ஐயா" என்றான் சுதர்சன். "நான் யாருக்கும் கொடுக்கலீங்க."

"மானாமதுரை அம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பாங்க."

"நீங்க உங்க டேப்லெட்டப் பாத்துத்தானே படிச்சீங்க! நான் நேர்ல பாத்தேனே!"

"வாய் ஆரோடதுன்னு பாக்க மாட்டீங்களாமே."

அவன் போன் அடித்தது. பெண்டாட்டி. எடுக்காமல் விட்டான். மறுபடி அடித்தது. எடுத்தான். அந்தப் பக்கம் பேசினது பக்கத்துப் படுக்கை வரைக்கும் கேட்டது. "என்னங்க, பாப்பாவோட பாடம் திறக்க மாட்டேங்குது. நீங்க ஏதாவது பண்ணீங்களா? அவ அழறா." சுதர்சன், "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்தான்.

இதை நல்லியண்ணன் எதிர்பார்த்துத்தான் செய்தார். ஆனாலும் அந்தக் குழந்தை அழுகிறது என்று காதால் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. மூணாவது படிக்கிற பிள்ளை என்ன செய்தது? காது செய்ததைத்தான் இவரும் செய்திருக்கிறார். ஆள் தெரிந்து செய்தார், அவ்வளவுதான் வித்தியாசம். அது பெரிய பாவமா சின்னப் பாவமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"எழுதுங்க தம்பி" என்றார், கொஞ்சம் இறங்கின குரலில். "பாத்தத எழுதுங்க. காது பொய் சொல்லுதுன்னு. உங்க சொந்தக் கண்ணால பாத்தீங்கல்ல. உங்களுக்கும் தெறக்கும், அந்தம்மாளுக்கும் தெறக்கும். என்ற சாவி மூடுனா மூடிட்டுப் போவுது." அபிநயாவிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.

சுதர்சன் போனில் எதையோ தட்டினான். திரும்பத் தட்டினான். பிறகு மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்னாச்சு?"

"அறிக்கை எழுதற எடமும் என் வாசிப்புச் சாவிலதான் திறக்கும். உள்ள விட மாட்டேங்குது."

"போன் பண்ணிச் சொல்லுங்க."

"குரலை நம்ப மாட்டாங்க ஐயா. நாங்களே போட்ட விதி."

பாவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. போர்வையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அப்படியே அழுதாள். "பாவம்ணா, புள்ள கொழந்தைக்காரன்" என்றாள்.

"அப்ப அந்த மனு?" என்றார் நல்லியண்ணன்.

"விரல் வெக்கலையே. அப்படியே நிக்கும். தள்ளுபடி ஆகாது. வேற ஆள் அனுப்புவாங்க." சுதர்சன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அனுப்பட்டும். அவரும் இந்தக் கதையப் படிச்சிருப்பாருல்ல?"

சுதர்சன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். கோபமா பயமா என்று சொல்ல முடியாத பார்வை.

மெஷின் முடிந்துவிட்டது என்று மணி அடித்தது. பிலோமினா சிஸ்டர் வந்து ஊசியைப் பிடுங்கிப் பஞ்சை வைத்து அழுத்தினாள். "தாத்தா, பிரஷர் என்ன இப்படி ஏறிக் கெடக்கு? என்ன பண்ணீங்க?" என்றாள்.

"கதை படிச்சேன்."

"அந்த வக்கீல் கதையா? விட்டுத் தள்ளுங்க அதை."

நல்லியண்ணன் மெதுவாகக் காலைத் தொங்கப் போட்டார். எழுந்து நிற்க முடிந்தது. எடை மெஷின் வரைக்கும் நடக்க முடியும். வீட்டுக்குப் போக முடியும். நாளை மறுநாள் காலையில் திரும்ப வந்து கையை நீட்ட வேண்டும். சுதர்சன் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தான். எங்கே போவது என்று தெரியாதவன் மாதிரி இருந்தது.

பக்கத்தில் வந்தபோது அவன் கேட்டான். சின்னக் குரல். "ஐயா, நான் பதினோராவதுதான் முடிச்சிருந்தேன். இனிமே எனக்குத் திறக்காது. கொன்னது யாருங்க?"

நல்லியண்ணன் நின்றார். வீட்டில் கடைசி அத்தியாயம் வரைக்கும் படித்து முடித்தவர் அவர், பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் மடியில் கிடந்த போனைப் பார்த்தார். அதன் திரையில் வெள்ளை வட்டம் மறுபடி சுற்ற ஆரம்பித்திருந்தது. யாருடைய சாவியையும் கேட்காமல் அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் வாயை மூடிக்கொண்டார். வாசலைக் கைகாட்டினார். அந்தப் போனை எங்கே வைத்துவிட்டு வரவேண்டும் என்று விரலாலேயே சொன்னார். சுதர்சன் எழுந்து போய் அதை வெளியே வைத்துவிட்டு வந்தான். வார்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலைமாட்டில் துழாவித் தங்கள் போன்களை எடுத்து சிஸ்டரிடம் நீட்டினார்கள். பாவாயி கடைசியாகக் கொடுத்தாள்.

அப்புறமும் நல்லியண்ணன் உடனே ஆரம்பிக்கவில்லை. கூரை மூலையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் மாட்டியிருந்த காமிராவை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.